மலையேற்றமும் மூச்சும்

“மேலே போகப் போகக் காற்றே இருக்காது. அதனால்தான் மூச்சு வாங்கும்.”

வெள்ளியங்கிரி மலைக்குப் போகிறேன் என்று விடுதியில் சொன்ன நாளில் பத்துப் பேராவது எனக்கு இதைக் கூறியிருப்பர். அவர்களில் மலையை அடிவாரத்திலிருந்து மட்டும் பார்த்தவர்களே மிகுதி. இயற்பியல் படிக்கும் நானும் அதை அப்படியே நம்பினேன் என்று ஒப்புக்கொள்ளச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. வளிமண்டல அழுத்தம் உயரத்தோடு குறையும் என்பது பாடத்தில் உள்ளதுதான். ஆனால் எவ்வளவு உயரத்தில் எவ்வளவு குறையும் என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. போட்டிருந்தால், அன்றிரவு நானும் என் வகுப்புத் தோழனும் செய்த மடமையைச் செய்திருக்கமாட்டோம்.

கோவைக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நிற்பது வெள்ளியங்கிரி. தென்கயிலாயம் என்று அன்பர்கள் அழைப்பர். அடிவாரத்தில் பூண்டி என்னுமிடத்தில் ஒரு கோயில். ஏழாவது மலையின் உச்சியில், பாறைகளுக்கு இடையே, தானாகத் தோன்றியதாகக் கருதப்படும் லிங்கம். இடையில் ஆறு மலைகள். உச்சியின் உயரம் சுமார் 6,000 அடி என்பர். பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற விடுவர். மற்ற மாதங்களில் மழை, காற்று, யானை. வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் இரவில் ஏறி, விடியும் வேளையில் உச்சியில் நிற்பதை விரும்புவர்.

சென்ற ஆண்டு சித்திரைப் பௌர்ணமியன்று நாங்கள் மூவர் சென்றோம். நான், என் தோழன், என் பெரியப்பா. பெரியப்பாவுக்கு வயது 58. எத்தனையோ முறை ஏறி இறங்கியவர். அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக் கொடுத்தார். “இதெல்லாம் எதுக்குங்க பெரியப்பா, எங்களுக்கு என்ன வயசா ஆச்சு?” என்றேன். “வெச்சுக்கோ கண்ணு. போறப்ப வேண்டாம்னாலும் வர்றப்பக் கேப்பே” என்றார். வனத்துறையினர் பைகளைத் திறந்து பிளாஸ்டிக் பொருள்கள் உள்ளனவா என்று பார்த்தனர். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எச்சரித்துக்கொண்டே இருந்தனர். எங்களைப் பற்றியதன்று என்று அதைக் காதில் வாங்காமல் நடந்தோம்.

முதல் மலை கற்படிகளால் ஆனது. நம் கல்லூரிப் படிகள் போல ஒரே உயரமாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்று முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது அரையடிதான் இருக்கும், அதற்கடுத்தது சாய்ந்திருக்கும். ஒரே அளவாகக் கால் வைத்து நடக்கவே முடியாது. நாங்கள் இருவரும் ஏறத்தாழ ஓடினோம். வழியில் உட்கார்ந்திருந்த முதியவர்களைத் தாண்டும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு பெருமிதம். கால் மணி நேரம்கூட ஆகியிராது. நெஞ்சு அடித்துக்கொண்டது, தொடை எரிந்தது, ஒரு சொல் பேச முடியவில்லை. ஒரு படியில் சரிந்து உட்கார்ந்தோம். “காற்று குறைஞ்சு போச்சுடா” என்றான் தோழன். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். அப்போது பெரியப்பா பக்கத்தில் வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் மஞ்சள் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே எங்களைக் கடந்து போனார். பேச்சை நிறுத்தவுமில்லை, நடையை மாற்றவுமில்லை.

இங்கே கதையைச் சற்று நிறுத்திவிட்டு, நான் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போடுகிறேன்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு நூற்றுக்கு ஏறக்குறைய 21. இது அடிவாரத்திலும் இதே அளவுதான். எவரெஸ்ட் உச்சியிலும் இதே அளவுதான். உயரத்தில் குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்து அழுத்தத்தை 100 எனக் கொண்டால் கோவையில் அது ஏறத்தாழ 95. 6,000 அடியில் ஏறத்தாழ 80. ஆகவே உச்சியில்கூட ஐந்தில் நான்கு பங்கு காற்று இருக்கிறது. அதுமட்டுமன்று. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் மிகச் சிக்கனமான கணக்குப்பிள்ளை. காற்றழுத்தம் இந்த அளவு குறைந்தாலும் அது தன் கொள்ளளவில் பெரும்பகுதியை நிரப்பிக்கொள்கிறது. நலமான ஒருவரின் இரத்தத்தில் 6,000 அடி உயரம் உண்டாக்கும் ஆக்சிஜன் இழப்பு நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல் முதலிய மலைநோய் பெரும்பாலும் 8,000 அடிக்கு மேல்தான் தலைகாட்டும். நாங்கள் சரிந்து உட்கார்ந்த இடமோ முதல் மலையின் பாதி. அங்கிருந்த காற்றுக்கும் அடிவாரத்துக் காற்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. அப்படியானால் மூச்சு வாங்கியது ஏன்?

மாடிப்படி ஏறினாலும் வாங்குமே, அதே காரணம்தான். தசைகளுக்குத் திடீரென்று மிகுந்த வேலை கொடுக்கிறோம். இதயமும் நுரையீரலும் அந்த வேகத்துக்கு வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை தசைகள் போதிய ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையைச் சிதைத்து வேலை செய்கின்றன. நடையை வரம்புக்கு மீறி விரைவுபடுத்தினால் சில நிமிடங்களுக்குப் பிறகும் இதே நிலைதான். இவ்வழியில் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. இரத்தத்திலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தன்மையை ஈடுசெய்கிறது. அப்போது கூடுதலாகக் கரியமில வாயு வெளிப்படுகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள மூச்சு மையம் ஆக்சிஜன் குறைவைவிடக் கரியமில வாயுவின் மிகுதிக்கே விரைந்து பதில் சொல்லும் இயல்புடையது. “வெளியேற்று, வெளியேற்று” என்று அது விரட்டுகிறது. நாம் நாய் போல இளைக்கிறோம். காற்று உள்ளே போதவில்லை என்று நமக்குத் தோன்றுவதெல்லாம், உள்ளிருப்பதை வெளியேற்ற உடல் படும் பாடே.

இந்த வரம்பைக் கண்டறியக் கருவி எதுவும் தேவையில்லை. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வரம்புக்குள் இருக்கிறோம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினால் தாண்டிவிட்டோம். பெரியப்பா மஞ்சள் விலை பேசியது வெறும் அரட்டை என்று அன்று நினைத்தேன். அவர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, தம் நடைக்கு அவர் வைத்திருந்த அளவுகோல் அதுதான்.

முதல் மலையின் முடிவில் வெள்ளைப் பிள்ளையார் கோயிலருகே எங்களுக்காக அவர் காத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அதன்பின் அவர் நடைக்கு நாங்கள் நடந்தோம். இரண்டாம் மலையில் வழுக்குப்பாறை வருகிறது. பெயரே விளக்கம். கைத்தடியை நம்பி, காலை முழுதாகப் பதித்து ஏற வேண்டிய இடம். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும்போது இத்தகைய வழுக்கு நிலங்களையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண் கற்களையும், பன்றிக்கு வைத்த பொறிகளையும் பற்றி ஒவ்வொன்றாக எச்சரிக்கிறது. மலையில் நடப்போர்க்குத் தமிழில் எழுதப்பட்ட முதற்கையேடு அதுவே என்பேன். தமிழ்த்துறை ஆசிரியர்கள் என்னைப் பொறுத்தருள்வார்களாக.

மூன்றாம் மலையைத் தாண்டும்போது எனக்கு உடல் பழகிவிட்டது. தோழனுக்குப் பழகவில்லை. இருபது படிக்கு ஒருமுறை நின்றான். நிலா வெளிச்சத்தில் அவன் உதடு வெளுத்திருந்தது எனக்குத் தெரியவில்லை, பெரியப்பாவுக்குத் தெரிந்தது. நான்காம் மலையின் முடிவில் காற்று வீசத் தொடங்கியது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அடிவாரத்தைவிட உச்சி எட்டு டிகிரிக்குக் குறையாமல் குளிர்ந்திருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையின் மேல் அந்தக் காற்றுப்பட்டால், பானை நீர் குளிர்வது போல உடல் குளிரும். அவனுக்கு நடுக்கம் எடுத்தது. “நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்கு” என்றான். உடனே, “ஒண்ணுமில்லீங்க, போலாம்” என்றும் சொன்னான்.

மணி இரண்டு. இன்னும் மூன்று மலை. சுற்றிலும் அரோகரா முழக்கம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனான். அந்த நேரத்தில் திரும்பிப் போகலாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? எனக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவன் எப்படியாவது நடந்துவிட வேண்டுமே என்றுதான் எனக்கு இருந்தது. வந்த வழியெல்லாம் வீணாகிவிடுமே!

பெரியப்பா ஒரு பாறையில் உட்கார்ந்து, தம் கம்பளியை அவனுக்குப் போர்த்திவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஒரு சங்கதி சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. நான் மொதல்மொதல்ல வந்தப்ப அஞ்சாவது மலையிலயே திரும்பிட்டேன். கீழ வந்து திருநீறு வாங்கிட்டுப் போயி, உச்சியில இருந்து கொண்டாந்தேன்னு வீட்டுல எல்லாருக்கும் பூசிவிட்டேன். இன்னைக்கு வரைக்கும் உங்க பெரியம்மாவுக்குத் தெரியாது.”

தோழன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு அவனுக்கு எழுந்து கீழ்நோக்கி நடக்க முடிந்தது. (பெரியம்மா இந்த மலரைப் படிக்கமாட்டார் என்னும் துணிவில் இதை எழுதுகிறேன்.) ஒருவர் அவனோடு இறங்கட்டும், மற்றவர் மேலே போகட்டும் என்ற பேச்சையே பெரியப்பா எடுக்கவிடவில்லை. மூவரும் இறங்கினோம்.

ஏறுவது கடினம், இறங்குவது எளிது என்பது மற்றொரு தவறான எண்ணம். இறங்கும்போது மூச்சு வாங்காது என்பது மெய்தான். ஆனால் ஒவ்வொரு படியிலும் உடல் எடை கீழே விழுகிறது; அதைத் தாங்கிப் பிடிப்பது முன்தொடைத் தசை. சுருங்க முயன்றுகொண்டே நீண்டு கொடுக்க வேண்டிய நிலை அதற்கு. கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றை விட்டுவிட்டுப் பிடிப்போமே, அதுபோல. தசைக்கு மிகுந்த சேதம் விளைவிப்பது இவ்வகை வேலைதான். தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகும். வலி அன்றே தெரியாது; இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்கு வரும். முழங்கால் தன்பாட்டில் நடுங்கத் தொடங்கியபோதுதான் மூங்கில் தடியின் அருமை எனக்குப் புரிந்தது. தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, எடையில் ஒரு பங்கைக் கைக்கு மாற்றிவிட்டுப் பிறகு காலை வைக்க வேண்டும். நான்கு மலை இறங்கும்வரை பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

அடிவாரத்தில் தோழன் ஒரு திருநீற்றுப் பொட்டலம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இதயத்துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை. இரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் 9 கிராம் என்று வந்தது. ஆண்களுக்கு 13க்குக் குறையக்கூடாது. 15 இருந்தால் நன்று. “ரொம்ப நாளாவே இப்படித்தான் இருந்திருக்கும். சமவெளியில நடக்கற வரைக்கும் தெரியாது” என்றார் மருத்துவர். மாடி ஏறினால் களைப்பதையும், வகுப்பில் தூங்கி வழிவதையும் அவன் சோம்பல் என்றே நாங்கள் எல்லோரும் கேலி செய்திருக்கிறோம். அவனும் அப்படித்தான் நம்பியிருந்தான்.

இப்போது பழைய கணக்கைத் தொடரலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 15 கிராம் உள்ளவனின் 100 மில்லிலிட்டர் இரத்தம் 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன் கொண்டு செல்கிறது. 9 கிராம் உள்ளவனின் இரத்தம் 12 மில்லிலிட்டர்தான். அதாவது நூற்றுக்கு 40 பங்கு குறைவு. வெள்ளியங்கிரியின் உச்சி ஒருவனிடமிருந்து பறிப்பது மூன்று நான்கு பங்கு. என் தோழனோ விடுதி அறையிலேயே நாற்பது பங்கை இழந்து உட்கார்ந்திருந்தான். அந்தக் குறையை இதயம் இன்னும் விரைந்து அடித்து ஈடுகட்டப் பார்க்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தம் இறைக்கும் இதயம், கடும் உழைப்பில் 20 லிட்டர் வரை இறைக்கும். அதற்குமேல் எங்கே போவது?

இளைஞனான அவனுக்கு நடுக்கத்தோடு போயிற்று. இதயத்தின் இரத்தக்குழாய் அடைபட்டிருப்பதை அறியாத நடுவயதினர் இதே வேகத்தில் ஏறினால் என்னாகும் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆண்டு முழுதும் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டு, ஓர் இரவில் 4,000 அடிக்கு மேல் ஏறும்போது, ஓய்வில் போதுமாயிருந்த குறுகிய குழாய் திடீரெனப் போதாமல் போகிறது. வெள்ளியங்கிரியில் ஏறும்போது மயங்கி விழுந்து உயிரிழந்தோர் பற்றிய செய்திகள் ஒவ்வொரு பருவத்திலும் வருகின்றன; 2024இல் பல வந்தன. ‘மூச்சுத்திணறலால் இறந்தார்’ என்று நாளிதழில் படித்தவுடன், மேலே காற்று இல்லை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். குற்றத்தை மலையின் தலையில் ஏற்றிவிட்டால், நெஞ்சு அடைக்கும்போது உட்கார வேண்டும், திரும்ப வேண்டும் என்னும் எண்ணம் வராது. உயரம் ஏறினால் இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு போக வேண்டும் என்றே தோன்றும். அன்று நான்காம் மலையில் எனக்கும் அப்படித்தானே தோன்றியது!

மூச்சைத் தவிர வேறொரு கணக்கும் உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒருவன் 1,300 மீட்டர் உயரத்துக்குத் தன்னைத் தூக்கிச் செல்லச் செய்யும் வேலை ஏறத்தாழ 180 கிலோகலோரி. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நம் தசை நான்கு பங்கு எரித்து ஒரு பங்கைத்தான் வேலையாக்கும். ஆக எரிவது 730 கிலோகலோரிக்குக் குறையாது. அதில் 550 வெறும் வெப்பம். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை வெளியேற்றும். வியர்வையில் ஒரு பகுதி ஆவியாகாமல் சொட்டிவிடுவதால், ஏறுவதற்கு மட்டுமே ஒரு லிட்டருக்கும் மேல் நீரை இழக்கிறோம். தாகம் எடுத்தபின் ஒரேயடியாகக் குடிக்காமல், வழியெல்லாம் சிறிது சிறிதாகக் குடிப்பதும், அதனுடன் உப்புச் சேர்ந்த எதையாவது தின்பதும் நல்லது. வழியில் சுனைகள் உண்டு. ஆயினும் புட்டியைச் சுமப்பவர் சுமக்கட்டும். காலிப் புட்டியைத் திரும்பவும் சுமக்க மனமில்லாதவர் போகாதிருக்கட்டும்.

வேறு மலைகளுக்குச் செல்ல நினைப்போர் அனுமதியின்றி வனத்துக்குள் நுழைய வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். அதன் பிறகே தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகள் வகுத்தது.

தோழனுக்குக் குடற்புழு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். விடுதியில் கீரை போடும் நாள்களில் அவன் தட்டில் எங்கள் பங்கும் சேர்ந்தது. நான்கு மாதத்தில் 13ஐத் தொட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மருதமலைப் படிகளை ஏறி இறங்கினோம், பேசிக்கொண்டே. பேச விஷயம் தீர்ந்துபோனால் வெப்பவியல் சமன்பாடுகளை மாறிமாறிக் கேட்டுக்கொண்டோம். அந்தத் தேர்வில் இருவருக்கும் நல்ல மதிப்பெண்.

இந்த ஆண்டு மார்ச் மாதத்தில் மீண்டும் மூவரும் போனோம். முதல் மலைக்கு மட்டும் ஒன்றேமுக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டோம். ஓடி வந்த இளைஞர் கூட்டம் ஒன்று எங்களைக் கடந்தது. சற்று மேலே ஒரு படியில் சரிந்து கிடந்தது. “காற்றே இல்லண்ணா” என்றான் ஒருவன். அவர்களுக்கும் ஹீமோகுளோபின் விளக்கம் தொடங்கிய என்னைப் பெரியப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஆறாம் மலை இறங்கி ஆண்டிசுனையில் குளித்தபோது பல் கிட்டியது. ஏழாம் மலை செங்குத்து. அங்கே யாரும் மஞ்சள் விலை பேசவில்லை. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் உச்சியில் நின்றோம். மேகம் கீழே இருந்தது. கோவை எந்தப் பக்கம் என்பது தெரியவில்லை.

தோழன் சட்டைப்பையிலிருந்து சென்ற ஆண்டு வாங்கிய திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தான். பிரிக்காமலே வைத்திருந்திருக்கிறான். லிங்கத்தின் முன் ஒரு கணம் வைத்து எடுத்து, முதலில் பெரியப்பாவின் நெற்றியில் பூசினான்.

திங்கட்கிழமை இயற்பியல் ஆய்வகத்திலிருந்து கீழே வர இருவருக்கும் கைப்பிடிச் சுவர் தேவைப்பட்டது. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை.